அமெரிக்க ஆர்மி ரிசர்வில் முதல் ரேஞ்ச் (துப்பாக்கி சுடும் களம்) வாரக்கடைசி: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

பேசிக் டிரெயினிங் முடிந்தது, அடுத்து தொழில் பயிற்சியும் முடிந்து வீட்டுக்குத் திரும்பியாயிற்று, யூனிட்டில் பெயரும் ஏறிவிட்டது. இப்போது "இந்த மாத டிரில் ரேஞ்சில், எல்லாரும் துப்பாக்கித் தகுதிச் சுற்று சுட வேண்டும்" என்று செய்தி வந்திருக்கிறது என்றால் இது உங்களுக்குத்தான். பேசிக்கில் தலைக்கு மேல் நின்று கத்திய டிரில் சார்ஜென்ட் இங்கே கிடையாது. அங்கே வாரக்கணக்கில் பழக்கியதை இங்கே இரண்டே நாளில், அதிலும் பாதி நேரம் வரிசையில் நின்றுகொண்டே, நீங்களாகவே தூசி தட்டி எடுக்க வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது குண்டு சுட்டு முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது, அந்த ஐந்து நிமிடத்தில் யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. பாஸா ஃபெயிலா என்பது அதற்கு முன்பே, சீரோ போடும்போதும் (குறிபார்க்கும் கண்ணாடியை உங்கள் கண்ணுக்குச் சரிசெய்வது) குண்டில்லாத துப்பாக்கியில் விசை இழுத்துப் பழகும்போதும், முடிவாகிவிடுகிறது.

நம் ஆட்கள் இதில் எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு: 2008-இல் அறிவித்து 2016-இல் ஆள் எடுப்பதை நிறுத்திய, மொழித் திறமையுள்ள வெளிநாட்டவரையும் ராணுவத்தில் சேர்த்த மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருந்தவர்கள் அந்த வழியாக உள்ளே வந்தார்கள். இப்போது அந்த வழி இல்லை. க்ரீன் கார்டு அல்லது குடியுரிமை வேண்டும், எச்-1பி வேலை விசா மட்டும் வைத்துக்கொண்டு சேர முடியாது.

கணக்கும் வேலையிடமும்

மாதம் ஒரு வாரக்கடைசி, வருடத்துக்கு இரண்டு வாரம், இதுதான் பொதுவான பேச்சு. ரிசர்வில் இந்த வாரக்கடைசிக்கு பேட்டில் அசெம்பிளி என்று பெயர், ஆனால் எல்லாரும் டிரில் என்றே சொல்கிறார்கள். அட்டவணையில் மூட்டா-4 என்று போட்டிருந்தால் நான்கு பயிற்சி வேளை, ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு மணி நேரம், சனிக்கு இரண்டு ஞாயிறுக்கு இரண்டு. ஒரு வேளைக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம், ஆக இரண்டு நாள் போனால் நான்கு நாள் சம்பளம். ரேஞ்ச் மாதத்தில் பெரும்பாலும் மூட்டா-5 அல்லது 6 ஆக இருக்கும், அதாவது வெள்ளிக்கிழமையே கிளம்ப வேண்டியிருக்கும். அட்டவணையில் அந்த எண்ணைப் பார்க்காமல் சனிக்கிழமை காலை போய் நிற்பவர்கள் உண்டு.

நீங்கள் வராமல் போனாலும் இதே கணக்கு திரும்பி அடிக்கும். காரணம் சொல்லாமல் ஒரு வாரக்கடைசி தவறவிட்டால் அது ஒரு ஆப்சென்ட் இல்லை, நான்கு. ஒரு வருடத்துக்குள் ஒன்பது சேர்ந்தால் ஒழுங்காகப் பங்கெடுக்காதவர் என்று எழுதிவிடுவார்கள். உடம்பு சரியில்லை, குழந்தைக்கு முடியவில்லை என்றால் உங்கள் ஸ்குவாட் லீடருக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலும் வேறொரு நாளில் ஈடுகட்ட விடுவார்கள். இரண்டு நாளும் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டீர்களா என்பதும் முக்கியம், ஏனென்றால் சம்பளம் அந்தத் தாளிலிருந்துதான் வருகிறது.

வேலையிடத்தில் கூச்சப்படாதீர்கள். 1994-இல் வந்த யூசெரா சட்டப்படி டிரில்லுக்குப் போவதற்காக உங்களை வேலையை விட்டு எடுக்கக் கூடாது, விடுப்பைக் கழிக்கச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. நீங்கள் செய்ய வேண்டியது முன்கூட்டித் தகவல் சொல்வது, அவ்வளவுதான். யூனிட் கொடுக்கும் வருட அட்டவணையை வந்த அன்றே மேனேஜருக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் ஆன்-கால் முறையைப் பார்த்து டிரில் வாரத்தை முன்னாலேயே யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள். ரேஞ்சில் போனைக் கையில் எடுக்க முடியாது, சனிக்கிழமை நடுப்பகலில் சர்வர் விழுந்தால் யாரோ ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முந்தைய வாரம்

எடுத்துப்போக வேண்டியவற்றின் பட்டியல் யூனிட்டிலிருந்து வரும், வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதில் இல்லாதவற்றை மட்டும் சொல்கிறேன். அடையாள அட்டையை (எல்லாரும் "கேக் கார்டு" என்பார்கள்) கிளம்புவதற்கு முந்தின இரவே பர்ஸில் வையுங்கள், அது இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. நெற்றியில் கட்டும் விளக்கு வேண்டும். காலுறை கூடுதலாக இரண்டு ஜோடி எடுங்கள். நியூ ஜெர்சி ஃபோர்ட் டிக்ஸ், விஸ்கான்சின் ஃபோர்ட் மெக்காய் மாதிரி இடங்களில் மார்ச் மாதத்திலும் தரை சில்லென்று இருக்கும், நீங்கள் அதில் வயிறு படப் படுத்துக் கிடக்கப் போகிறீர்கள். காது குடையும் பஞ்சுக்குச்சி ஒரு பெட்டி எடுங்கள், எதற்கு என்று ஞாயிறன்று தெரியும்.

கண்ணாடி போடுபவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரேஞ்சில் குண்டுச்சிதறல் தாங்கும் கண்ணாடி கட்டாயம், அதற்குள் பொருத்தும் பவர் லென்ஸை ராணுவமே செய்து தரும், ஆனால் கேட்ட அன்றே கையில் கிடைக்காது. சாதாரணக் கண்ணாடிக்கு மேல் பெரிய பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுடலாம்தான், மூச்சு பட்டு இரண்டுக்கும் நடுவில் பனி படிந்து 300 மீட்டர் டார்கெட் மறைந்துபோகும்.

வீட்டிலேயே ஒன்று பழகலாம், துப்பாக்கியே தேவையில்லை. நின்ற நிலையிலிருந்து சட்டென்று குப்புறப் படுப்பது, படுத்த நிலையிலிருந்து முட்டிபோடுவது, முட்டியிலிருந்து எழுவது. கையில் துடைப்பக் கட்டையை வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டும் வெஸ்ட்டும் கொடுத்திருந்தால் அதையும் மாட்டிக்கொண்டு ஹாலில் செய்யுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஏன் என்று தகுதிச் சுற்றுக்கு வரும்போது சொல்கிறேன்.

சாப்பாடு. ரேஞ்சில் மதியத்துக்கு எம்.ஆர்.இ. என்ற தயார் உணவுப் பொட்டலம்தான், ஒன்றில் சுமார் 1,250 கலோரி. 24 வகையில் நான்கு சைவம். பெட்டியைப் பிரித்து ஆளாளுக்கு அள்ளும்போது சைவம் கிடைக்காமல் போகலாம், அதனால் பிரிக்கும் சார்ஜென்டிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள். சின்ன டப்பாவில் ஊறுகாயோ பருப்புப்பொடியோ வைத்திருந்தால் அந்தத் தக்காளி மக்ரோனி தொண்டையில் இறங்கும்.

சனிக்கிழமை காலை

ஃபார்மேஷன் (எல்லாரும் வரிசையில் நிற்பது) ஆறு மணிக்கு என்றால் ஐந்தே முக்காலுக்கு நிற்க வேண்டும், இது எழுதாத சட்டம். பெயர் கூப்பிடுவார்கள். இங்கே கூப்பிடுவது உங்கள் மார்பில் தைத்திருக்கும் பெயரை, நம்மில் பலருக்கு அது அப்பாவின் பெயர். வாரக்கடைசி முழுக்க அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நீங்கள் ஓடிப்போய் நிற்கிறீர்கள், பழகிவிடும். பெயர் பட்டையில் அடங்காத நீளம் என்றால் "ஆல்ஃபபெட்" என்று பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள், அதற்கும் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீளப்பெயர்க்காரர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதே பட்டம்தான்.

முக்கியமான ஒன்று, எல்லாரையும் சார் சார் என்று கூப்பிடும் நம் பழக்கம். சார் என்பது அதிகாரிகளுக்கு மட்டும், பெண் அதிகாரி என்றால் மேம். சார்ஜென்ட் எப்போதும் சார்ஜென்ட்தான். அவரைச் சார் என்று கூப்பிட்டால் "நான் உழைத்துச் சாப்பிடுகிறவன்" என்ற பழைய பதில் வரும், கூடவே தண்டால் எடுக்கும் வேலையும் வரலாம்.

அடுத்து ஆர்ம்ஸ் ரூம் வரிசை. ஆயுத அட்டையைக் கொடுத்து உங்கள் எம்-4-ஐ வாங்குவீர்கள் (சில யூனிட்களில் இன்னும் எம்-16 இருக்கிறது). வாங்கியதும் வரிசையை விட்டு நகரும் முன் இரண்டு விஷயம். சீரியல் எண்ணைப் படித்துப் பாருங்கள், அட்டையில் இருப்பதும் துப்பாக்கியில் இருப்பதும் ஒன்றா என்று. ரேக் எண் (துப்பாக்கியை அடுக்கி வைக்கும் இடத்தின் எண்) வேறு, சீரியல் எண் வேறு. அந்தச் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மனப்பாடம் செய்யுங்கள், நாளெல்லாம் கேட்பார்கள். அப்புறம் மேலே பொருத்தியிருக்கும் சிவப்புப் புள்ளிக் கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள். பேட்டரி செத்திருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளலாம், ரேஞ்சில் போய்த் தேட முடியாது. இதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி உங்கள் கையெட்டும் தூரத்தை விட்டுப் போகக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் பக்கத்துத் தோழரிடம் சொல்லி, அவர் "என்னிடம் இருக்கிறது" என்று வாயால் சொன்ன பிறகுதான் போக வேண்டும்.

ரேஞ்சில் காத்திருக்கும் நேரம்

பாதுகாப்பு உரை நடக்கும்போது தூங்காதீர்கள். துப்பாக்கியில் எப்போதும் குண்டு இருக்கிறது என்றே நினை, சுட விரும்பாத எதன் பக்கமும் நீட்டாதே, குறிவைக்கும்வரை விரலை விசையில் வைக்காதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இவை உங்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது இன்னொன்று. ஏதாவது ஆபத்தாகப் பட்டால் "சீஸ் ஃபயர்" என்று கத்த யாருக்கும் உரிமை உண்டு, நேற்று சேர்ந்த பிரைவேட்டுக்கும் உண்டு. தப்பாகக் கத்திவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் நாம் குரல் உயர்த்துவதா என்று வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் தப்பு.

காதடைப்பானை ஒழுங்காகப் போடத் தெரிந்தவர்கள் குறைவு. நுரைக் கட்டையை விரல் நுனியில் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியைப் பிடித்து மேலே இழுத்தால் துளை நேராகும், உடனே உள்ளே செருகி, அது விரிந்து அடைத்துக்கொள்ளும்வரை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் குரலே உங்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

ஆர்டர் என்பது சுடும் அணி. நீங்கள் எந்த ஆர்டர், எந்த லேன் என்பதைக் கையில் மார்க்கரால் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்வரை சும்மா உட்கார விட மாட்டார்கள். புதியவர்கள் என்றால் குண்டு நிரப்பும் வேலைக்குப் பிடித்துப்போவார்கள், போங்கள், அது நல்ல வேலை. குண்டுகள் பத்துப் பத்தாகத் தகட்டுக் கிளிப்பில் வரும், ஒரு சின்ன உலோகத் துண்டை மேகசினின் தலையில் பொருத்தி, கிளிப்பைச் செருகிக் கட்டைவிரலால் ஒரே அழுத்து அழுத்தினால் பத்தும் இறங்கிவிடும். நிழலிலும் உட்காரலாம், முதல் ஆர்டர் எங்கே சொதப்புகிறது என்றும் பார்க்கலாம்.

மிச்ச நேரத்தில் குண்டில்லாத துப்பாக்கியில் பழகுங்கள், அனுமதித்த இடத்தில், மேற்பார்வையோடு. குப்புறப் படுத்து, தோழரை விட்டுக் குழல் முனைக்கு அருகே ஒரு பத்து சென்ட் நாணயத்தை (டைம்) வைக்கச் சொல்லுங்கள். நாணயம் விழாமல் விசை இழுக்க வர வேண்டும். ஒருமுறை விழாமல் வந்தால் போதாது, தொடர்ந்து வர வேண்டும். மூச்சை விட்டு முடித்து, அடுத்த மூச்சு இழுப்பதற்கு முன் இயல்பாக ஒரு சின்ன இடைவெளி வரும், விசை அந்த இடைவெளியில் பின்னால் வர வேண்டும். மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு சுடாதீர்கள், கை ஆடும். நாற்பது குண்டும் டார்கெட்டில் விழுவதற்கு இந்த நாணயத்தைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

சீரோ

25 மீட்டரில் காகிதக் குறி. ஐந்து குண்டு சுட்டு, துப்பாக்கியைக் காலி என்று காட்டிக் கீழே வைத்துவிட்டு, எல்லாரும் சேர்ந்து தாளைப் பார்க்க நடப்பீர்கள். உங்களுக்கு முன் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தவரின் கண் வேறு, கன்னம் வைக்கும் இடம் வேறு, அவர் போட்ட சீரோ உங்களுக்கு ஒத்துவராது. அதனால் முதல் ஐந்து குண்டு வேறெங்கோ விழுந்தால் மனம் தளர வேண்டாம்.

பார்க்க வேண்டியது, ஐந்தும் எங்கே விழுந்தன என்பதை அல்ல, ஐந்தும் ஒரே இடத்தில் விழுந்தனவா என்பதை. மூலையில் விழுந்தாலும் ஒன்றாகக் கூடி விழுந்திருந்தால் உங்கள் வேலை முடிந்தது, குறிபார்க்கும் கண்ணாடியின் திருகை இரண்டு பக்கம் திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும். தாள் முழுக்கச் சிதறியிருந்தால் திருகைத் தொடவே தொடாதீர்கள். நாளில் பாதி இதிலேதான் வீணாகிறது. சிதறிய குழுவைப் பார்த்துவிட்டுத் திருகுகிறார்கள், அடுத்தது வேறு பக்கம் சிதறுகிறது, மறுபடி திருகுகிறார்கள். சிதறுவது ஆளால், கண்ணாடியால் அல்ல. கன்னத்தை ஒவ்வொரு முறையும் கட்டையில் அதே இடத்தில் வையுங்கள். கைக்கு அடியில் மணல்மூட்டை ஆடாமல் இருக்கட்டும். விசையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கூட்டம் அமைந்த பிறகு மட்டும் திருகுங்கள், எந்தப் பக்கம் எத்தனை கிளிக் என்று தாளில் எழுதிக்கொண்டு. எந்தக் கண்ணாடிக்கு எந்தத் தாள் என்பது மாறும், கூட நிற்கும் சார்ஜென்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

25-இல் ஏன் என்றால், கண்ணாடி குழலுக்கு மேலே இருக்கிறது, குண்டு சற்று மேல்நோக்கிக் கிளம்பி 25 மீட்டர் வாக்கில் பார்வைக்கோட்டைத் தொட்டு, அதற்கு மேலே ஏறிப்போய், இறங்கும்போது 300 வாக்கில் மறுபடி தொடுகிறது. சாதாரண இரும்புக் குறியில் இப்படிச் சீரோ போட்டால் 150, 200 மீட்டர் டார்கெட்டில் குண்டு நீங்கள் பார்த்த இடத்துக்குச் சில அங்குலம் மேலே போகும். நடுத்தர தூரத்தில் தலையைக் குறிவைத்து ஏமாறுபவர்கள் இதை மறந்தவர்கள்தான். நெஞ்சுக்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

நாற்பது டார்கெட்

பழைய ஆட்கள் சொல்லும் அறிவுரையைக் கொஞ்சம் வடிகட்டிக் கேளுங்கள். 2019-இல் வந்த டி.சி. 3-20.40 கையேடு தகுதிச் சுற்றையே மாற்றிவிட்டது. முன்பு படுத்த இடத்திலேயே இருபது சுட்டு, நிதானமாக மேகசின் மாற்றி, டவரிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டளை வரும். இப்போது நான்கு மேகசின், ஒவ்வொன்றிலும் பத்து. முதலில் எதன்மேலும் சாயாமல் குப்புறப் படுத்து, இரண்டாவது தாங்குதலோடு படுத்து, மூன்றாவது தடுப்புச் சட்டத்தில் தாங்கி முட்டிபோட்டு, நான்காவது அதே சட்டத்தில் தாங்கி நின்று. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறச் சில விநாடிதான், மேகசின் மாற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நடுவில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் நீங்களே சரிசெய்ய வேண்டும். துடைப்பக் கட்டைப் பயிற்சி இதற்குத்தான். மாறும்போது குழல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், சேஃப்டி போட மறக்காதீர்கள்.

மேகசின்களைப் பையில் ஒரே பக்கம் பார்த்து, குண்டின் முனை ஒரே திசையில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கண் டார்கெட்டில் இருக்க, கை தானாகப் போய் எடுக்க வேண்டும்.

டார்கெட்டுகள் 50 முதல் 300 மீட்டர்வரை எழும்பி விழும், ஒன்றாகவும் வரும், இரண்டு மூன்றாகவும் வரும். ஒன்றுக்கு மேல் எழும்பினால் பக்கத்தில் இருப்பதை முதலில் சுடுங்கள், அதுதான் சீக்கிரம் படுத்துவிடும். 50 மீட்டரில் ஓரத்தில் சட்டென்று வந்து மறைவதற்கு ஃபாஸ்ட் ஃப்ரெடி என்று பெயர், தூரத்தையே முறைத்துக்கொண்டிருப்பவர்கள் இவனைக் கோட்டைவிடுவார்கள். பத்து டார்கெட்டுக்குப் பத்தே குண்டு. தவறிப்போனதை இன்னொரு முறை சுட்டால் கடைசி டார்கெட்டுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. போனது போகட்டும் என்று விடத் தெரிவதும் மதிப்பெண்தான்.

23 விழுந்தால் மார்க்ஸ்மேன், 30 என்றால் ஷார்ப்ஷூட்டர், 36 அல்லது அதற்கு மேல் என்றால் எக்ஸ்பர்ட். 23-க்குக் கீழே போனால் "போலோ" ஆகிவிட்டான் என்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நேரமும் குண்டும் மிச்சமிருந்தால் திரும்பச் சுட வைப்பார்கள். உடனே ஓடிப்போய் அடுத்த ஆர்டரில் நிற்காமல், முதலில் சீரோ மாறிவிட்டதா என்று பாருங்கள். வரிசையில் கண்ணாடி எதிலாவது இடித்திருக்கலாம்.

இன்னொன்று, சூடான காலிக் கூடு கழுத்து வழியே சட்டைக்குள் விழும். சுடும், பொறுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியோடு எழுந்து குதித்தீர்கள் என்றால் ரேஞ்சையே நிறுத்திவிடுவார்கள்.

கிளம்பும் முன்

காலிக் கூடுகளைக் குனிந்து பொறுக்கும் வேலை எல்லாருக்கும் உண்டு. பிறகு ஒவ்வொருவராகப் பையைத் தட்டிக் காட்டி, குண்டும் இல்லை கூடும் இல்லை என்று சார்ஜென்டிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே வர முடியும். ஊரில் இருக்கும் அண்ணன் மகனுக்குக் காட்டலாமே என்று ஒன்றைப் பாக்கெட்டில் போடாதீர்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. ரேஞ்சுக்குக் கொண்டுபோன முதுகுப்பையையே சென்னைக்குப் போகும்போது கைப்பையாகத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்திய விமான நிலையத்தில் பையின் மடிப்பில் ஒரு குண்டு கிடைத்தால் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு, காலிக் கூடாக இருந்தாலும் விசாரணை, விமானம் போய்விடும். ரேஞ்சுக்குத் தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒட்டியிருப்பது ஈயத்தூள். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், ஆகவே பொட்டலத்தைப் பிரிக்கும் முன் சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டு நகக்கண் வரை கழுவுங்கள், வெறும் சானிட்டைசர் ஈயத்தைப் போக்காது. வீட்டுக்குப் போனதும் சீருடையைக் கழற்றித் தனியாகத் துவைக்கப் போட்டுவிட்டு, குளித்த பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

ஞாயிறு

சுத்தம் செய்வதற்கே நாள் போய்விடும். போல்ட்டின் வால்பகுதியில் கரி இறுகிப்போய் இருக்கும், அதைச் சி.எல்.பி. எண்ணெயில் ஊறவிட்டு அப்புறம் தேயுங்கள், காய்ந்த கரியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. குழலின் குண்டு அறைக்குள் போல்ட் பூட்டிக்கொள்ளும் பற்களின் இடுக்கில்தான் பஞ்சுக்குச்சி வேலை செய்யும். பிரித்த சின்ன ஊசிகளைத் துணி விரித்து அதன்மேல் வையுங்கள், புல்லில் விழுந்தால் யூனிட்டே மண்டியிட்டுத் தேடும். ஆர்மரர் (ஆயுத அறைப் பொறுப்பாளர்) முதல் தடவையே வாங்கிக்கொள்ள மாட்டார், விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார், எவ்வளவு பளபளப்பாகக் கொண்டுபோனாலும் ஒருமுறையாவது அனுப்புவார். கோபப்படாமல் மறுபடி துடைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நில்லுங்கள். எண்ணெய் வழிய வழியக் கொண்டுபோவதும் ஆகாது, மெல்லிய பூச்சு போதும்.

துப்பாக்கியைக் கொடுத்து ஆயுத அட்டையைத் திரும்ப வாங்கியதும் மதிப்பெண் தாளில் உங்கள் பெயரும் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று டிரெயினிங் சார்ஜென்டிடம் பார்த்துவிடுங்கள். பதவி உயர்வுப் புள்ளிக்கு இந்த எண் சேரும், கணினியில் ஏறாத மதிப்பெண் சுடாத மதிப்பெண்ணுக்குச் சமம். சம்பளம் இரண்டு வாரத்துக்குள் வராவிட்டால் மைபே என்ற ராணுவச் சம்பள இணையதளத்தில் சம்பளச் சீட்டைத் திறந்து எத்தனை வேளை போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குறைந்திருந்தால் வருகைத் தாளின் நகலோடு யூனிட் நிர்வாகியிடம் கேளுங்கள், அடுத்த டிரில் வரை காத்திருக்க வேண்டாம்.